சீட்டுக்கு அடியில் பெட்ரோல்

திருநள்ளாறு போய்ச் சனீஸ்வரனைக் கும்பிட்டு வந்தால் வீட்டுக் கஷ்டம் தீரும் என்று அம்மா நம்பினாள். கஷ்டத்துக்குப் பெயர் பெட்ரோல் என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் ஒத்தக்கடையில் ஆட்டோ ஓட்டினார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போக மாதக் கூலி பேசியிருந்தார். பெட்ரோலோ தினமும் காலையில் விலை மாறியது. பெற்றோரிடம் கூலியை ஏற்றிக் கேட்டால், "நீங்களும் ஏமாத்த ஆரம்பிச்சிட்டீங்களாண்ணே" என்பார்கள். அந்த எரிச்சலை அப்பா எங்கள்மேல் கொட்டுவார்.

வேன் ஓட்டும் மாமா, அம்மாவின் தம்பி, எங்களைக் கூட்டிப்போனார். சாமி கும்பிட்டுக் கிளம்பினால் வழியில் எங்கும் நிற்கக் கூடாது, நேரே வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். திரும்பும்போது அவள் கண்ணசந்ததும் மாமா காரைக்கால் பங்க் ஒன்றில் வேனை நிறுத்தினார்.

"மச்சான், இங்கன வரி கம்மி. வெலையப் பாத்தா வயிறு எரியுது."

அதே எண்ணெய், அதே ரோடு. ஒரு செக்போஸ்ட்டைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு விலை. கச்சா எண்ணெய் ஏறினால் உடனே பங்க்கிலும் ஏறும். இறங்கினால், மிச்சமான இடத்தில் வரி வந்து உட்கார்ந்துகொள்ளும். மத்திய வரி, மாநில வரி, லாரி வாடகை என்று ஊருக்கு ஊர் ஒரு கணக்கு. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. தெரிந்த பிறகு எனக்கு ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

காலியான தண்ணீர் கேன்களில் பெட்ரோலை நிரப்பி, நானும் தம்பியும் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில் அப்பாவும் மாமாவும் தள்ளினார்கள். செக்போஸ்ட் போலீஸ்காரரிடம் மாமா, "திருநள்ளாறு போயிட்டு வாரோம் சார், நிக்கக் கூடாது" என்றார். அவரும் பக்தியாக வழிவிட்டார். விழித்துக்கொண்ட அம்மா வாடையைப் பற்றிக் கேட்டாள். டேங்க் மூடி லூசு என்று மாமா சமாளித்தார்.

அந்த வாடையில் தம்பி வாந்தி எடுத்தான். வேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, அம்மா தண்ணீர் என்று நினைத்துக் கைக்கு எட்டிய கேனைத் திறந்து அவன் முகத்தைக் கழுவினாள். "அதத் தொடாத" என்று அப்பா கத்துவதற்குள் தம்பி அலறினான்.

பக்கத்து டீக்கடையில் வாங்கிய தண்ணீரில் கண்ணைக் கழுவக் கழுவ அவன் துடித்தான். அவன் கண் திறந்து அவளைப் பார்த்த பிறகுதான் அம்மா எழுந்தாள். ஒவ்வொரு கேனாக இழுத்து ரோட்டோரப் பள்ளத்தில் கவிழ்த்தாள்.

"புள்ளைகளுக்கு அடியில வச்சிருக்கீக. ஒரு பொறி விழுந்தா என்னத்த அள்ளுவீக?"

"அம்புட்டும் போச்சேடி" என்று அப்பா அவளைக் கன்னத்தில் அறைந்தார். மாமா வேனுக்கு மறுபக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அப்பாவோடு ஆட்டோவில் ஒத்தக்கடை பங்க்குக்குப் போனேன். விலை மறுபடியும் ஏறியிருந்தது. அப்பா போர்டைப் பார்த்தார். "போடுங்கண்ணே" என்று பணிவாகச் சொல்லி, அம்மாவை அடித்த அதே கையால் பணத்தை நீட்டினார்.

அப்பாவுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து எனக்கு ஒரே சந்தோஷம்.