அத்தையின் பிறந்தநாள் படம்

பிள்ளைகளா, அத்தை பிறந்தநாளுக்குப் படகில் எடுத்த படத்தை ஏன்பா சுவரில் மாட்டவில்லை என்று கேட்டீங்க. மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

பொந்தியான் கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க நாங்க ஆறு பேர் படகில் போனோம். எல்லாருக்கும் ஒரே மஞ்சளில் சட்டை, சேலை. படத்தில் லைஃப் ஜாக்கெட் அதை மறைக்கிறது என்று அத்தையின் கணவர், உங்க மாமா, எல்லாரையும் கழற்றச் சொன்னார். படகுக்காரர், "ஜாங்கான் புக்கா லா," கழற்றாதீங்க என்று மலாயில் தடுத்தும் கழற்றினோம். என் தங்கை, அதான் உங்க அத்தை, மட்டும் கழற்றவில்லை.

"உனக்கு எதுக்குடி அது? இருக்கிற சதையிலேயே மிதப்ப," என்றார் மாமா.

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்துக்கொண்டே கழற்றினாள். நீங்க பார்த்த படம் அதுதான்.

உடனே பக்கத்தில் வேகமாகப் போன படகின் அலை எங்களைச் சாய்த்தது. தங்கை கடலில் விழுந்தாள். மிதக்கவில்லை. ஒருமுறை மேலே வந்தபோது என் கையில் முடிதான் அகப்பட்டது. அதைப் பிடித்தே நானும் படகுக்காரரும் அவளை இழுத்துப் போட்டோம். அவள் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருக்கும்போது மாமா, "அலமாக், புதுச் சேலை போச்சே," என்றார். அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

இப்போது யார் கேலி செய்தாலும் கரை சேரும்வரை நான் ஜாக்கெட்டைக் கழற்றுவதில்லை. நீங்களும் கழற்றாதீங்க.

அன்று வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மஞ்சள் சட்டையைக் கழற்றினேன். கைப்பட்டனில் தங்கையின் முடி சுற்றியிருந்தது. அறுக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.