வீடு பூட்டியிருந்தது

எங்கள் அடுக்ககம் நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். முதல் மாடி. வாரத்தில் மூன்று நாள் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. பால்கனிக்கு எதிரே, காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன வீடு ஒன்று. அதன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி நிற்பாள்.

"அக்கா, மணி இன்னா?"

பத்தே கால் என்பேன். தலையாட்டிவிட்டு உள்ளே போவாள். மறுபடி வந்து கேட்பாள். மூன்றாவது நாள்தான், ஸ்கூலுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"அம்மா செத்துப் போச்சுக்கா. பாப்பாவ யாரு பாத்துப்பா? அப்பா வெளிய பூட்டிகினு பூடுவாரு."

அவளுக்குப் பதினோரு வயது. இடுப்பில் இருந்த தங்கைக்கு இரண்டுகூட முடியவில்லை. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்குப் பூட்டினால் சாயங்காலம் ஏழுக்குத்தான் கதவு திறக்கும். பாப்பாவுக்குப் பால் கொடுக்க, சோறு வடிக்க, எல்லாவற்றுக்கும் அவளுக்கு மணி தெரிய வேண்டும். அந்த வீட்டில் கடிகாரம் இல்லை.

இரண்டு வாரம் நான் மணி சொன்னதோடு சரி. அதையே பெரிய உதவி என்று நினைத்துக்கொண்டிருந்த அன்றைய என்னை இப்போது நினைத்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

பிறகு ஒரு நாள் அவள் வலது கையில் துணி சுற்றியிருந்தது. கஞ்சி வடிக்கும்போது கொட்டிவிட்டதாம். துணியைப் பிரித்துக் காட்டினாள். அன்றைக்கே குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார், புகார் எண் கொடுத்தார், உள்ளூர் அதிகாரி நேரில் வருவார் என்றார். நான் மருந்தை ஒரு பையில் கட்டி, சுவரைச் சுற்றிப் போய் ஜன்னல் வழியே கொடுத்துவிட்டு, வரப்போகிறவருக்காகக் காத்திருந்தேன்.

ஒன்பது நாள் யாரும் வரவில்லை. பத்தாவது நாள் நானே அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன்.

"அந்தப் புகார் க்ளோஸ் பண்ணியாச்சு மேடம்."

"நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"போனாங்க மேடம். வீடு பூட்டியிருந்தது. அதனால விசாரிக்க முடியல."

"சார், குழந்தைங்கள உள்ள வச்சு வீட்டப் பூட்டறாங்கங்கறதுதான் புகாரே."

"அப்படியா? இங்க 'வீடு பூட்டியிருந்தது'ன்னுதான் மேடம் போட்டிருக்கு" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் அவர்மேல் கொஞ்சம் மரியாதையாவது வந்திருக்கும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நேரில் போனேன். அதிகாரியின் மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்க சிரிக்கும் குழந்தைகளின் படம். ஒவ்வொன்றும் காலண்டரிலிருந்து வெட்டியெடுத்த மாதிரி கொழுகொழு குழந்தை. அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்கவில்லை.

"உங்க ஏரியாவுல அந்த மாதிரி பிரச்சனையே இல்ல மேடம். நாங்க சொல்லல. உங்க வார்டு குழந்தைப் பாதுகாப்புக் குழுவே எழுதிக் குடுத்திருக்கு" என்று ஒரு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அப்படி ஒரு குழு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடியிருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் அதே தீர்மானம்: இப்பகுதியில் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகள் எவரும் இல்லை. கீழே உறுப்பினர்களின் கையெழுத்து. தலைமை ஆசிரியை, அங்கன்வாடி டீச்சர், பொதுமக்கள் சார்பில் ஒருவர்.

அந்த ஒருவர் நான்.

என் பெயர், என் ஃப்ளாட் எண், உருண்டை உருண்டையான தமிழில் ஒரு கையெழுத்து. நான் ஆங்கிலத்தில் கிறுக்குகிறவள். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் அடுக்ககத்தில் விழிப்புணர்வு முகாம் என்று ஒன்று நடத்தி, சுண்டல் கொடுத்து, வந்தவர்களின் விவரத்தை எழுதிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து என்னைப் பொறுக்கியிருக்கிறார்கள். அந்தச் சிறுமி ஜன்னலில் நின்று என்னிடம் மணி கேட்ட அதே மாதத்தில், அப்படி ஒரு குழந்தையே இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"இந்த உறுப்பினர் யாருன்னு தெரியுமா சார்?"

"தெரியும் மேடம். ரொம்ப ஆக்டிவான மெம்பர்."

சண்டை போடவில்லை. பக்கங்களை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த மனிதரிடம் கத்துவதற்குக்கூட எனக்கு மனமில்லை.

அங்கன்வாடி டீச்சர் இந்த ஊர்க்காரர். அவர் குடும்பம் இங்கே நெல் விளைந்த காலத்திலிருந்து இருக்கிறது. படத்தைக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது என் கையெழுத்துதாம்மா. பொய் சொல்ல மாட்டேன். நோட்டு வரும், போடுன்னுவாங்க, போட்டுடுவேன். கூட்டம் எங்க நடக்குது, எப்ப நடக்குது, ஒண்ணும் தெரியாது. அந்தப் பொண்ணு உள்ள கீதுன்னு சத்தியமா தெரியாதும்மா."

"தெரிஞ்சிருந்தா?"

"நோட்டுல எழுத அதுக்கு ஏது எடம்?"

அன்று மாலையே நான் ஒரு அறிவிப்பு தயார் செய்தேன். வார்டு குழந்தைப் பாதுகாப்புக் குழுவின் உறுப்பினர் என்ற முறையில், வரும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவசரக் கூட்டம், இடம் அந்த வீட்டு வாசல். நோட்டின் படங்களையும் சேர்த்து, அதிகாரிக்கும் அவருக்கு மேலே எத்தனை பேர் உண்டோ அத்தனை பேருக்கும் அனுப்பினேன்.

ஒன்பது நாள் வராதவர் பத்தே முக்காலுக்கே வந்துவிட்டார். கூடவே இரண்டு உதவியாளர்கள், ஒரு பேனர். கதவில் பூட்டு தொங்குவதைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில், "வீடு பூட்டியிருக்கே" என்றார்.

உள்ளேயிருந்து சிறுமி ஜன்னலுக்கு வந்தாள். "சாவி அப்பா கைல கீது சார்."

அவர் கம்பிக்கு வெளியே நின்று குனிந்து, "உனக்கு ஏதாவது கஷ்டம் இருக்காம்மா?" என்று கேட்டார். உதவியாளர் அதைப் படம் எடுத்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் போலீஸை அழைத்தேன்.

அப்பா ஒரு மணி நேரத்தில் கம்பெனி உடுப்போடு ஓடி வந்தார். கான்ஸ்டபிள் அதட்ட, பூட்டைத் திறந்தார்.

"நான் இன்னா சார் பண்ணுவேன்? ஊட்டத் தொறந்து போட்டுட்டுப் போனா பொம்பளப் புள்ளைங்க சார். அங்கன்வாடில கேட்டா ரெண்டு வயசு ஆவணும்ன்றாங்க. வேலக்கிப் போவலன்னா எதத் துன்றது?"

அவர் செய்தது தவறு. ஆனால் அந்த வாசலில், குழந்தைகளுக்கு என்ன ஆகும் என்று தினமும் பயந்த ஆள் அவர் ஒருவர்தான். அந்தப் பயத்துக்குச் சம்பளம் வாங்குகிறவர் பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளின் சித்தி குத்தம்பாக்கத்தில் இருப்பது, கேட்ட பிறகுதான் தெரிந்தது. அதுவரை யாரும் கேட்கவில்லை. அவர் வந்து இருவரையும் அழைத்துப் போனார். தலைமை ஆசிரியை மாற்றுச் சான்றிதழைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் இப்போது அங்கே ஆறாம் வகுப்பு. அப்பா ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறார்.

கையெழுத்து விஷயமாக நான் கொடுத்த புகாருக்குப் பதில் வந்தது: எழுத்தர் நிலையில் ஏற்பட்ட கவனக்குறைவு. துரித நடவடிக்கை எடுத்து இரு குழந்தைகளை மீட்டதற்காக அதிகாரிக்குப் பாராட்டுச் சான்றிதழ் என்று ஒரு செய்தியும் வந்தது. படத்தில் பேனருக்குப் பின்னால் என் தோள் தெரிந்தது.

போன மாதம் அங்கன்வாடி டீச்சர் ஃபோன் செய்தார்.

"நோட்டு வந்துச்சும்மா. இல்லாத கூட்டத்துக்குப் போட மாட்டேன்னு அனுப்பிட்டேன். மெமோ குடுத்துகீறாங்க. நீயே பதில் எழுதிக் குடு."

அடுத்த நாள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு, அவர் கையெழுத்துப் போட்டார்.