விவசாய நிகழ்ச்சி நேரத்துத் தோடி

என் தங்கை சிதம்பரத்தில் சங்கீதம் படித்த கடைசி வருஷத்தில் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. பேசினால் சத்தத்தைவிடக் காற்றுதான் ஜாஸ்தி வரும், பாட்டு அடியோடு இல்லை. கடலூருக்குக் கூட்டிவந்தேன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில் நானும் அவளும்தான். நான் பிறவி முன்கோபி. "தங்கச்சி இப்பவும் பாடுதா?" என்று யாராவது கேட்டால், அவர்கள் ரிப்பேருக்குக் கொண்டுவந்த ரேடியோவைத் தொடாமலே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

திருப்பாப்புலியூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ரேடியோ ரிப்பேர் கடை. ஒரு நாள் சாயங்காலம் பழைய செட் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தேன். அந்த ரகத்தில் ஒரு குமிழை அளவுக்கு மீறித் திருப்பிவிட்டால் செட்டே கூவ ஆரம்பிக்கும். முள் ஸ்டேஷனை நெருங்க நெருங்கக் கூவல் கீழே இறங்கும், விலகினால் மேலே ஏறும். மெக்கானிக்குகளுக்கு அது தலைவலி. காப்பி கொண்டுவந்த தங்கை தம்ளரை மேஜையில் வைத்தாள், போகவில்லை. கையை நீட்டி, முள்ளை நகர்த்தும் குமிழைப் பிடித்தாள். ஒரு ஸ்வரத்தில் நின்றாள், மேலே வழுக்கிப் போனாள், ஒரு இடத்தில் கையை நடுங்கவிட்டுத் திரும்பி வந்தாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் இந்த வீட்டில் வருஷக்கணக்காக அவள் பாடிக் காலையில் என்னை எழுப்பிய தோடியை எனக்குத் தெரியாதா? காப்பி ஆறிப்போகும்வரை அவள் குமிழை விடவில்லை.

அந்த வாரம் முழுக்க வேறு வேலை பார்க்கவில்லை. செட்டை ஒரு சின்னப் பெட்டியில் அடக்கி, குமிழுக்குப் பதில் சமையலறைக் கரண்டியின் காம்பை வெட்டி மாட்டினேன். காம்பு நீளமானதால் நூலளவு நகர்த்தினாலும் ஸ்வரம் அவள் சொன்னபடி கேட்டது. எந்த ஸ்வரம் எங்கே என்று, காம்புக்கு அடியில் வைத்த ஒரு அட்டையில் குங்குமத்தால் பொட்டு வைத்துக்கொண்டாள். வால்வு சூடானதும் எல்லாம் இடம் மாறிவிடும் என்று தெரிந்ததும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காதை நம்பினாள். இடது கையைப் பெட்டியின் அருகே கொண்டுபோனாலே சத்தம் அசையும். கமகத்துக்கு அந்தக் கைதான். வானொலி நிலையம் ஒலிபரப்பினால்தான் பெட்டி கூவும், ஆனால் அங்கே பாட்டு ஓடினால் இவள் பாட்டோடு மோதும். அதனால் ஆறரை மணி விவசாய நிகழ்ச்சிதான் எங்கள் கச்சேரி நேரம். நாற்று நடவும் நெல்லுப் பூச்சியும் அடியில் முணுமுணுக்க, மேலே தோடி போகும். கடைக் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்பேன். அவள் முகத்தில் பழைய சிவப்பு வந்ததைப் பார்த்து, ரிப்பேர் ஆகாத பொருள் உலகத்தில் இல்லை என்று எனக்குத் தலைக்கனமே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார்தான் முதலில் வந்தார்.

"சாயங்காலமானா ரேடியோ கூவுது தம்பி. நீ வந்து பாக்கறப்ப மட்டும் கம்முனு கெடக்குது."

நான் போனதெல்லாம் காலையில். வால்வை மாற்றினேன், ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டினேன். எதிர்வீட்டிலிருந்தும் அதே புகார் வந்தது. கடல் காற்றில் உப்பு ஏறியிருக்கும் என்றேன். தொழில்காரனுக்கு உறைக்க வேண்டியது எனக்கு உறைக்கவில்லை. உறைக்க விருப்பமில்லை என்றும் சொல்லலாம்.

சிதம்பரத்தில் கூடப் படித்த தோழிக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று தங்கை கேட்டாள். பழைய புடவையில் பெட்டியைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தாள். கீழ வீதியில் தோழியின் வீடு. ஆறரைக்கு வாசித்தாள். தோழி அழுதுவிட்டாள்.

"அப்படியே உன் கொரலுடி. சாகித்தியம் ஒண்ணுதான் இல்ல."

"சாகித்தியம் உள்ள ஓடிக்கினுதான் இருக்குது" என்றாள் தங்கை, அந்தக் காற்றுக் குரலில். மறுபடி வாசிக்கத் தொடங்கினாள்.

உள்ளேயிருந்து தோழியின் மாமியார் குரல் கொடுத்தார். "ரேடியோக்காரத் தம்பி, இங்க ஒரே கூவலா இருக்குது, கொஞ்சம் வந்து பாருங்க."

போனேன். அந்த அம்மாளின் ரேடியோவில், உரம் போடும் யோசனைக்கு நடுவே, என் தங்கை தோடி பாடிக்கொண்டிருந்தாள். நான் செய்தது பாட்டுப் பெட்டி மட்டுமில்லை, ஒலிபரப்பும் பெட்டி. எங்கள் தெரு முழுக்க அவளைக் கேட்டிருக்கிறது. ஒரு நொடி எனக்குச் சந்தோஷத்தில் மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த நொடி, இதற்கு ஜெயில் உண்டு என்பது உறைத்தது. அந்த ரேடியோவை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். தங்கை கையை எடுத்துவிட்டு உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. அவுங்க செட்டு பழசு."

ரேடியோ வைத்துக்கொள்ளவே தபாலாபீஸில் லைசென்ஸ் எடுக்க வேண்டிய காலம் அது. அனுமதி இல்லாமல் ஒலிபரப்பினால் ஜெயில்தான். அதிலும் எல்லையில் சண்டை நடந்த சமயம். ஊர் திரும்பியபோது வாத்தியார் கூவலைப் பற்றித் தபாலாபீஸுக்கு மனு எழுதிப் போட்டிருந்தார். கருவியோடு ஒரு இன்ஸ்பெக்டர் வந்து எந்த வீட்டிலிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்கப் போகிறார் என்றார். உளவாளியாக இருக்கலாம் என்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ பேரிடம் வாய்க்கு வந்தபடி கத்துகிற எனக்கு, "நிறுத்திடும்மா" என்ற ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள் மத்தியானம் அவள் கடைத்தெருவுக்குப் போனபோது பெட்டியைத் திறந்து, உள்ளே ஒரு வயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டினேன். மூடியைப் பழையபடி திருகி வைத்தேன். சாயங்காலம் அவள் காம்பைப் பிடித்தாள், பெட்டி ஊமையாக இருந்தது.

"வால்வு போயிடுச்சு. இந்த ரகம் இப்ப எங்கயும் கெடைக்காது" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனின் முகம் எப்படியிருக்கும் என்று அன்றைக்கு அவள் பார்த்திருப்பாள். "சரிண்ணே" என்றாள். பெட்டியைப் புடவையில் சுற்றி அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்று நாள் சாயங்காலம் தெருவில் காத்திருந்தார். ஒன்றும் அகப்படவில்லை. என் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, தங்கை போட்ட காப்பியையும் குடித்துவிட்டுப் போனார். வாத்தியார் ரேடியோ தெளிவாக இருப்பதாக என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்குக் குமட்டியது. அப்புறம் ஆறரை மணிக்குக் கடையில் உட்கார முடியாமல் வெளியே நடக்கப் போய்விடுவேன்.

ஏழெட்டு மாதம் கழித்து வேறொரு செட்டுக்கு ஒரு கம்பிச்சுருள் தேவைப்பட்டது. அந்தப் பெட்டியை எடுத்துத் திறந்தேன். நான் வெட்டிய வயர் ஒட்டியிருந்தது. என் மேஜையில் கிடக்கும் ஈயத்தால் ஒட்டிய ஒட்டு. புதுக்கை என்று தெரிந்தது, ஆனால் பலமான ஒட்டு. பெட்டியோடு சமையலறைக்குப் போனேன்.

"எப்ப ஒட்டுன?"

"நீ வெட்டுன மறுநாளு."

"அப்பறம் ஏன் வாசிக்கல?"

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தம்மா ரேடியோவுல நான் வாசிச்சது சிதம்பரத்துலயே எனக்குக் கேட்டுதுண்ணே. நிறுத்துன்னு நீ வந்து சொல்லுவன்னுதான் காத்துக்கினு இருந்தேன்."