காய்ந்த சட்டை

நேற்று மழைக்கு மகள் ஒரு துப்பறியும் கதையோடு சுருண்டு கிடந்தாள். "ஊரே பேய் அடிச்சிருச்சுன்னு சொல்லுதுப்பா. ஆனா பாருங்க, கடைசியில ஒரு மனுஷன்தான் மாட்டுவான்" என்றாள்.

அந்தப் புத்தகத்தின் ஈர வாடை பழைய நாட்களைக் கிளறிவிட்டது. மாத்தளைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் எனக்கு முதல் வேலை. சலூன்காரரிடம் இரவல் வாங்கும் மர்ம நாவல்களில் எப்போதும் கடைசித் தாள் இருக்காது. கொலைகாரனை நானே தீர்மானித்துக்கொள்வேன். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கோழி காணாமல் போனபோதும் துப்பறிந்தேன். மூன்று பேரைச் சந்தேகப்பட்டேன், பிடித்தது கீரி.

பிறகுதான் சவரிமுத்து அண்ணனின் சாவு. மழையில் பெண்களை மலைக்கு ஏற்றாதே என்று கங்காணியை எல்லார் முன்னாலும் எதிர்த்தவர் அவர். மறுவாரம், நாவுலை டவுனுக்குப் போனவர் இரவு திரும்பவில்லை. ராத்திரி முழுக்க அடைமழை. அது விட்டபின், விடிகாலையில், தோட்டமே பயப்படும் முனி மரத்தடியில் கிடந்தார். வாயில் இரத்தம்.

"ராவே முனி அறைஞ்சிருக்கு" என்றார் கங்காணி.

"வேதக்காரனையுமா?" என்று ஒருவர் இழுத்தார்.

"முனி என்ன, ஞானஸ்நான துண்டு கேட்டுட்டா அடிக்கும்?"

சிலர் சிரித்தார்கள். நானும்தான்.

முனி அடித்த உடம்பை லயத்துக்குள் கொண்டுவருவதில்லை, குளிப்பாட்டுவதுமில்லை. மரத்தடியிலிருந்து நேரே குழிக்கு. குளிப்பாட்டாவிட்டால் உடம்பில் என்ன காயம் என்று எவருக்குத் தெரியும்? நாவல் படித்த என் புத்திக்கு அது அப்போதே உறைத்தது. தோளைப் பிடித்துத் தூக்கியவனும் நான்தான். முதுகெல்லாம் சேறு, மார்புப் பக்கம் சட்டை காய்ந்து மொறமொறவென்று இருந்தது.

அவர் மனைவி மரியம்மா அக்கா வழியை மறித்தார். "மொகத்தயாச்சும் கழுவிக்கிறேனே! தம்பி, நீங்கதானே தூக்குனீங்க. ராவெல்லாம் மழையில கெடந்தாருன்னா சட்ட நனைஞ்சிருக்கணுமே. நனைஞ்சிருந்துச்சா?"

கங்காணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கலவரம் முடிந்து அதிகநாள் ஆகாத காலம். வாய் திறந்த பையன்களை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். பெயரைச் சொல்லிக் கொடுத்தது யார் என்பது தெரியாது. கங்காணிக்குப் பொலிஸில் பழக்கம் உண்டு.

"நனைஞ்சுதான் இருந்துச்சு, அக்கா."

அக்கா என் கைகளைப் பார்த்தார். பிறகு வழியை விட்டார். அதன்பின் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை.

போன வருடம் அந்தப் பக்கம் போனேன். ரோட்டை அகலமாக்க முனி மரத்தை வெட்டிவிட்டார்கள். முனி எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. றப்பரும் இல்லை, லயமும் இல்லை. கங்காணி கட்டிலில் கிடந்து, பிள்ளைகள் சூழ, நிம்மதியாகச் செத்தாராம். மரியம்மா அக்கா அதற்கும் முன்பே போய்விட்டார்.

சட்டை நனைந்திருக்கவில்லை, அக்கா.