மாப்பிள்ளைக்குக் காமாலை

போன வாரம் அக்கா மகள் தன் கல்யாண வீடியோவைக் கைப்பேசியில் காட்டினாள். எங்கள் இலங்கை மலைநாட்டில், நானுஓயாவில் நடந்த கல்யாணம். அவித்து உரித்த உருளைக்கிழங்கு மாதிரி எல்லோரும் வெளுத்துப் பளபளவென்று இருந்தார்கள். "இருங்க மாமா, இத இன்னும் அழகாக்குறேன்" என்று விரலால் எதையோ தள்ளினாள். மொத்தக் கூட்டமும் மஞ்சளாகிவிட்டது. "பழைய காலத்துக் கலரு மாமா. இப்ப எல்லாரும் இதத்தான் போடுறாங்க."

நான் தலையை ஆட்டிவைத்தேன். பொதுவாகவே நான் ஒன்றும் சொல்வதில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன? அந்த மஞ்சளை ஒரு மாப்பிள்ளையின் முகத்திலிருந்து எடுப்பதற்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த மஞ்சளால் ஒரு குடும்பமே பிரிய இருந்தது.

பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையில் கணக்கு என்னைக் கைவிட்டதும் ஹட்டனில் ஒரு வீடியோக் கடையில் சேர்ந்தேன். முதலாளி ஒரு முஸ்லிம் அண்ணன், ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும். கேசட்டில் எடுத்த கல்யாணங்களைக் கணினிக்குள் இறக்கி சீடியாக்குவது என் வேலை. நாலு பேர் கூடும் இடத்தில் நிற்கவே கூசுகிறவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. எல்லோரையும் நான் பார்க்கலாம், என்னை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். திம்புள்ளைப் பக்கம் யார் பந்தியில் மூன்றாம் தடவை உட்கார்ந்தார் என்பதுகூட எனக்குத் தெரியும்.

ஒரு நாள் திம்புள்ளையிலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். கையில் நாங்கள் கொடுத்த சீடி, பின்னால் குடையோடு அவர் மகன். கல்யாணமாகி இரண்டு மாதம் கடந்திருந்தது. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பெண். தலைதீபாவளிக்குப் போன இடத்தில் சொந்தபந்தங்களோடு உட்கார்ந்து சீடியைப் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை மஞ்சளோ மஞ்சள். 'இது காமாலை. நோயை மறைச்சுக் கட்டிக்குடுத்துட்டாங்க' என்று மாமனார் முடிவுகட்டி, மகளை அங்கேயே நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளை தனியாகத் திரும்பி வந்தார்.

"எம் புள்ளைக்கு ஒரு தலவலி வந்ததில்ல. ஒங்க கம்பியூட்டருக்குத்தான் காமால. மருமகள அனுப்ப மாட்டேங்குறாங்க. சரி பண்ணிக் குடுங்க" என்றார் அந்த அம்மா.

போட்டுப் பார்த்தேன். படத்தில் எல்லோருமே மஞ்சள்தான். ஆனால் பொண்ணு மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள் பூசியது, ஐயர் மஞ்சளாக இருந்தால் அது சந்தனம். காரணமில்லாமல் மஞ்சளாக இருந்தவர் மாப்பிள்ளை மட்டும்தான்.

நானா கணினிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். கேசட்டை ஓட்டும் டெக்கிலிருந்து படம் வருகிற வயரின் முனை மஞ்சள். "மஞ்ச வயர மாட்டினா மஞ்சளாத்தான் வரும். செவப்ப மாட்டு" என்றார். அது சத்தத்துக்கான வயர். மாட்டினேன். படம் போய்விட்டது. "பாத்தியா, மஞ்சள் இல்ல" என்றார் நானா.

அடுத்து, ஸ்பிரிட்டில் துணியை நனைத்து டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தேன். ஸ்பிரிட் மணம் வந்தாலே எனக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியும், ஊசிக்கு முன்னால் அழத் தொடங்கிவிடுகிற என் குரலும் ஞாபகத்துக்கு வரும். ஹெட் சுத்தமானது. மஞ்சள் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பிறகு கணினியில் வீடியோ முறையை மாற்றிப் பார்த்தேன். படம் கறுப்பு வெள்ளையாகிவிட்டது. அதில் மாப்பிள்ளை கம்பீரமாக இருந்தார். "இப்பிடியே குடுத்துறலாமா?" என்று நானா கேட்டார். அம்மா முறைத்தார்.

கடைசியில், படம் பிடித்த சந்திரன் அண்ணனைக் கூப்பிட்டு, கணினியே வேண்டாமென்று அவருடைய கேமராவை நேராக டீவியில் மாட்டி மூல கேசட்டைப் போட்டோம். அதிலும் மஞ்சள். "ஏன்ட மெஷின்ல பிழையில்ல" என்று நானா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கேசட்டின் தொடக்கத்தில் திரை முழுக்க ஒரு வெள்ளைத் துணி மட்டும் நின்றது. படம் பிடிக்குமுன் வெள்ளையான ஒன்றைக் காட்டிப் பொத்தானை அமுக்கினால், கேமரா அதையே வெள்ளையென்று வைத்துக்கொண்டு மற்ற நிறங்களை எடுக்கும். அண்ணனிடம் இருந்த வெள்ளைத் தாள் அன்று மழையில் ஊறிப்போனதால், மாப்பிள்ளையின் வேட்டியைக் காட்டியிருக்கிறார்.

அம்மா பூரித்துப்போனார். "பாத்தீங்களா எம் புள்ள வேட்டிய! பளிச்சுனு இருக்கணும்னு ரெண்டு தரம் நீலத்துல முக்கி எடுத்தேன்ல!"

சந்திரன் அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். சலவை நீலம் ஏறிய வேட்டியைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவிடம் சொல்லியிருக்கிறார். அதுவும் நம்பி, அன்று முழுக்க எல்லாவற்றிலும் அந்த அளவுக்கு நீலத்தைக் கழித்திருக்கிறது. நீலம் கழிந்தால் மிச்சம் மஞ்சள்.

அம்மாவுக்கு விளங்க நேரமெடுத்தது. விளங்கியதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப எம் புள்ளைக்குக் காமால வந்தது என்னாலயா?"

அடுத்த ஞாயிறு மாமனார் மகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவும் மகனும் முன்னமே வந்து காத்திருந்தார்கள். மாமனார் தங்கள் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். தோட்டத்தை நடத்தும் துரையோடு பேசியே பழகிய தொண்டை. நீலக் கதையைக் கேட்டுவிட்டு, "வேட்டி நீலமா இருந்தா வேட்டிதானே நீலமா இருக்கணும், ஆளு எப்பிடிங்க மஞ்சளாவாரு? படத்த சரி பண்ணுங்க. பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றார்.

இரண்டு குடும்பமும் என் முதுகுக்குப் பின்னால் நின்றன. கணினியில் நீலத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டினேன். மாப்பிள்ளை தேறிக்கொண்டே வந்தார். தலைவர் தலையாட்டினார். அப்போது மாப்பிள்ளையின் அம்மா முன்னால் குனிந்தார்.

"சம்மந்தி, நக ஏன் இப்பிடி வெளுத்திருக்கு? கவரிங்கா?"

"யாரப் பாத்து கவரிங்னு சொல்றீங்க?" பொண்ணின் அம்மா சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டார். "தம்பி, மஞ்சளக் கூட்டு!"

கூட்டினேன். நகை தங்கமானது. மாப்பிள்ளை மறுபடி நோயாளியானார்.

"கொற தம்பி!"

"கூட்டுய்யா!"

தலைவர் கையை உயர்த்தி, பாதிக்குப் பாதி என்றார். பாதியில் நிறுத்தினேன். மாப்பிள்ளைக்கு லேசான காமாலை, நகை லேசான கவரிங். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடத் தயாரில்லை.

அதுவரை சுவரோரமாக நின்ற பொண்ணு வாயைத் திறந்தது.

"ரெண்டு மாசம் அவரோட இருந்திருக்கேன். அவரு என்ன கலருன்னு என்னைய யாராச்சும் கேட்டீங்களாப்பா?"

"சரி, என்னா கலரு?" என்றார் தலைவர்.

"கறுப்பு. நல்ல கறுப்பு" என்றது பொண்ணு. பிறகு வாசலில் குடையோடு நின்றவரைப் பார்த்து, "வாங்க, பஸ்ஸு போயிரும்" என்றது. அந்த மனிதர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். கேசட் முழுக்கத் தேடினாலும் அந்தச் சிரிப்பு கிடையாது.

இருவரும் இறங்கிப் போனார்கள். சம்மந்திகள் என்னையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சீடியை யாரும் கேட்கவில்லை.

நானாவின் கடையில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். கேசட்டுகள் பூஞ்சணம் பிடித்துப் போயின. நீலம் போடுகிறவர்களையும் காணோம். லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால், பனிமூட்டத்தில் வேட்டிகள் வரிசையாகக் காயும்போது ஒரு நீலம் இருக்கும். பால் கலந்த மாதிரி, மிக லேசாக. அக்கா மகளுக்குக் காட்ட அது எதிலாவது பதிந்திருக்குமா என்று, பார்த்த கேசட்டுகளையெல்லாம் நினைவிலேயே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. சந்திரன் அண்ணன் காட்டிய வேட்டிகூட அதில் சுத்த வெள்ளையாகத்தான் நிற்கிறது. இதுதான் வெள்ளை என்று கேமராவுக்கு நாங்களே அல்லவா சொல்லிக்கொடுத்தோம்.