நீங்க அனுப்பின நடிகர்

இது நடந்தது. நம்ப மாட்டேன் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கெல்சி ஹால்வர்சன் தன் வாயால் என்னிடம் சொன்னாள். தன்னைப் பற்றிப் பெருமையைத் தவிர வேறெதுவும் பேசாத பெண், இதை மட்டும் பெருமையில்லாமல் சொன்னாள்.

பிப்ரவரி மாதம் அமெரிக்காவில், எங்கள் டுலூத் நகரில் ஏரி உறைந்து கிடக்கும். அப்போதுதான் எங்கள் மருத்துவமனைக்கு ரெசிடென்சி என்கிற மேற்பயிற்சி நேர்காணலுக்கு, மருந்தாளுநர் படிப்பு முடித்த இதுகள் வந்து இறங்கும். எல்லாம் ஒரே கறுப்புக் கோட்டு, ஒரே சிரிப்பு. நோயாளியிடம் பரிவோடு பேசுவதைக்கூட மனப்பாடம் செய்துகொண்டு வரும். இருப்பதோ இரண்டே இடம். கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் மாத்திரை எண்ண வேண்டும். அதைவிடச் சாவு மேல் என்பாள் கெல்சி.

ரெசிடென்சித் தலைவி மேரியன் அவளை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, ஒரு நோயாளியின் விவரத்தாளைக் கையில் கொடுத்தாள்.

"இவங்களுக்கு என்ன மருந்து தரலாம்னு எழுதுங்க. அரை மணி நேரம். யாரும் உள்ள வர மாட்டாங்க."

மணி 10.10. கெல்சி எழுத ஆரம்பித்தாள்.

10.22.

சளக்... சளக்...

நிமிர்ந்தாள். எதிர் நாற்காலியில் ஒரு கிழவர். ஒல்லி. ஆஸ்பத்திரி அங்கி. இடது காதில் பாதி இல்லை. காலில் மஞ்சள் சாக்ஸ், சொட்டச் சொட்ட ஈரம்.

கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை.

'ஓ, நோயாளி வேஷத்தில் நடிகரை அனுப்பிச் சோதிக்கிறார்களா' என்று நினைத்தாள். மனப்பாடச் சிரிப்பு தானாக முகத்தில் ஏறியது.

"நான் என்னென்ன மாத்திரை போடுறேன்னு ஒருத்தரும் கேக்கலம்மா."

"உங்க கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுதுங்க."

"பொண்டாட்டி செத்துட்டா. அவளோட இதய மாத்திரை மீதி இருக்கு. மஞ்சளா, சின்னதா... அதையும் நான் போட்டுக்கறேன். எழுதிக்க."

தாளில் இருந்த நோயாளியோ சர்க்கரை நோய்க்காரி. இவர் சொல்வதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கவனத்தைத் திருப்பத்தான் இந்த நாடகம் என்று முடிவுகட்டினாள்.

"சரிங்க. எனக்கு நேரமாச்சு."

தலையைக் குனிந்துகொண்டாள்.

அறை குளிர்ந்தது... பேனா பிடித்த விரல் விறைத்தது...

"கேக்க மாட்டியா?"

குரல் காதருகில்.

நிமிர்ந்தாள்.

யாரும் இல்லை.

தரையில் ஈரம் மட்டும்.

10.40க்கு நேர்காணல். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். ஒரு பிழையும் இல்லை. கடைசியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா?

"நீங்க அனுப்பின நடிகர் பிரமாதம். ஆனா என்னை அசைக்க முடியல பாருங்க!"

மேரியன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நாங்க யாரையும் அனுப்பல."

மார்ச்சில் இடம் கிடைத்துவிட்டது. ஊரையே கூட்டி விருந்து வைத்தாள். ஜூலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேரியன் அவளைத் தனியாக அழைத்தாள்.

"அன்னிக்கு வந்தவர் குண்டா? மீசை இருந்துச்சா?"

"இல்ல மேடம். ஒல்லி. இடது காது பாதிதான்."

மேரியன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"என் நேர்காணலுக்கும் ஒருத்தர் வந்தார். அதே அறை. குண்டு, மீசை. நானும் நடிகர்னு நெனச்சு விரட்டிட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஆள் என் வார்டுல படுத்தார். எனக்கு அடையாளம் தெரியல. வீட்ல என்ன மாத்திரை போடுறீங்கன்னு கேக்காம, பழைய பட்டியலையே பார்த்து மருந்து எழுதிட்டேன். அவர் வீட்ல போட்ட மாத்திரை அதுல இல்ல, ரெண்டும் ஒத்துக்கல. மூணாம் நாள் போயிட்டார். செத்த முகத்தைப் பார்த்தப்பதான்..."

"அப்ப என்கிட்ட வந்தவர்... எப்ப செத்தார்?"

"அவர் இன்னும் அட்மிட்டே ஆகல, கெல்சி."

இப்போதெல்லாம் கெல்சி ஒவ்வொரு படுக்கையருகிலும் உட்கார்ந்து, வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள், யாருடைய மாத்திரையையாவது போட்டுக்கொள்கிறீர்களா என்று குடைந்து குடைந்து கேட்கிறாள். இப்படி அக்கறையுள்ள பெண்ணைப் பார்த்ததில்லை என்று டாக்டர்கள் மெச்சுகிறார்கள்.

அக்கறையாவது, மண்ணாங்கட்டியாவது. அவள் முதலில் பார்ப்பது இடது காதை.