எங்கள் தோட்டத்து ரயிலுக்கு எவ்வளவு மெமரி?

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம். புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறினால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டின் முன்னறையில் நடந்தது.

நான் தோட்டத்து ஒப்பீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். யாருடைய போன் நின்றாலும், எந்தப் பிரிண்டர் அடம்பிடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அதற்கு ஆறு மாதம் முன்பு என் கூட்டாளி ஒருவன் மோட்டார் சைக்கிளோடு ஒரு வளைவில் விழுந்து காலை முறித்துக்கொண்டான். தகடு வைத்து, நடக்கவே கூடாது என்று படுக்கவைத்துவிட்டார்கள். தோட்டத்துக் கிரிக்கெட் டீமில் முதலில் இறங்கி அடிக்கிறவன் அவன். தொடக்கத்தில் போய்ப் பார்த்தால் பேசினான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். போனையும் எடுப்பதில்லை.

வேறு வழி தெரியாமல்தான் அந்த விளையாட்டைத் தொடங்கினேன். சதுரக் கட்டைகளை அடுக்கி அடுக்கி ஊரையே கட்டலாமே, அந்த விளையாட்டு. என் கம்ப்யூட்டரையே சேர்வராக வைத்தேன். அதாவது அந்த உலகம் என் வீட்டில் ஓடும், மற்றவர்கள் அவரவர் இடத்திலிருந்து உள்ளே வரலாம். ஒரு பழைய லெப்டொப்பை அவன் கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தால், பயல் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கம் ரயிலே கிடையாது. "அதான்டா போடுறேன். கேகாலைக்குப் போறதுக்கு பஸ்ஸுல எத்தன வருஷந்தான் தொங்குறது?" என்றான். அவன் சிரித்துப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

ரயில் செய்தி பரவியது. கொழும்பில் கடையில் நிற்கிறவன், துபாயில் இருக்கிறவன், மலேசியாவில் இருக்கிறவன் என்று கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆளுக்கொரு மோட் வேண்டும் என்றார்கள். மோட் என்றால் விளையாட்டில் இல்லாததைக் கொண்டுவந்து சேர்க்கும் சின்னச் சின்ன நிரல்கள். ஒருவனுக்கு மழைமேகம் வேண்டும், ஒருவனுக்கு யானை, இன்னொருவனுக்குக் கொத்துரொட்டி. நானும் கேட்டதையெல்லாம் போட்டேன். நூறைத் தாண்டிவிட்டது.

புத்தாண்டுக்கு முந்திய ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு ரயில் திறப்பு விழா என்று முடிவானது. பதினான்கு பேர். துபாய்க்காரன் இதற்காகவே இன்னொருவரோடு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டான். அதுவரை ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் வந்ததில்லை. தாங்குமா என்று கூட்டாளி கேட்டான். அதெல்லாம் என் பொறுப்பு என்றேன். என் கம்ப்யூட்டரில் பதினாறு ஜீபி மெமரி இருந்தது. அதில் பதினைந்தைத் தூக்கிச் சேர்வருக்குக் கொடுத்தேன். என் திட்டம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. ஆறு பேர் வரும்வரை நன்றாக ஓடியது. ஏழாவது ஆள் வந்ததும் எல்லாரும் நின்ற இடத்திலேயே சிலையானார்கள். பிறகு என் கம்ப்யூட்டரும் சிலையானது. மௌஸ்கூட அசையவில்லை. பொறுமையில்லாமல் பவர் பட்டனை அழுத்தி அணைத்தேன்.

திரும்பப் போட்டபோது, கேகாலை ஸ்டேஷன் இருந்த இடத்தில் ஒரு பெரிய சதுரப் பள்ளம். மேடை, மேம்பாலம், கடிகாரக் கோபுரம் எதுவும் இல்லை. ஸ்டேஷனுக்கு மட்டும் அவன் ஒரு மாதம் செலவழித்திருந்தான்.

"சரி மச்சான், பரவால்ல, வுடு" என்றான். அதோடு லெப்டொப்பை மூடிவிட்டான். ஏசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வெட்கத்தை விட்டு, மோட் போடுகிறவர்களின் இணையக் குழு ஒன்றில் படங்களோடு எழுதினேன். இன்னும் ரேம் வாங்கிப் போடு என்றுதான் பல பதில்கள் வந்தன. ஒரே ஒருவர் மட்டும் தமிழில் எழுதினார். படத்தில் நாங்கள் தமிழில் எழுதிவைத்த 'புளத்கொகுபிட்டிய சந்தி' என்ற பலகையைப் பார்த்திருக்கிறார்.

"நீங்க புளத்கொகுபிட்டியவா? நானும் கேகாலைப் பக்கந்தான், மாவனல்ல. மெஷின்ல மொத்தம் எவ்வளவு மெமரி ஈக்கி? சேர்வருக்கு எவ்வளவு குடுத்தீக்கிறீங்க? ஒரே நேரத்துல எத்தன பேர் வாறாங்க?"

அவர் ஒரு பெண். வெளிநாட்டில் இருக்கும் தம்பிமாருக்காக இதே மாதிரி ஒரு சேர்வர் நடத்துகிறவர். உலகத்தின் கோப்புகளை அனுப்பச் சொன்னார். எங்கள் தோட்டத்துச் சிக்னலில் அதை அனுப்பினால் தீபாவளிக்குத்தான் போய்ச் சேரும் என்றேன். பிறகு, "நாளைக்கு எங்கட அவர் உங்கட டவுன் கடைகளுக்குச் சாமான் கொண்டு வாறார். நானும் வாறன்" என்று வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு சின்ன லொறியில் இருவரும் வந்து இறங்கினார்கள். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட ஓரிரு வயது கூட இருக்கும். அவர் கணவர், என் அம்மா கொடுத்த பாலில்லாத பிளேன்டீயைக் குடித்துவிட்டு சாமான் இறக்கப் போய்விட்டார். அந்த அக்கா கம்ப்யூட்டரைத் தொடவில்லை. முதலில் ஒரு தாள் கேட்டார்.

பதினாறு என்று எழுதி, அதிலிருந்து நான்கைக் கழித்தார். அது கம்ப்யூட்டர் தன் சொந்த வேலைக்கு. அதைத்தான் நான் பிடுங்கியிருந்தேன். பிறகு ஆளே இல்லாமல் சேர்வரை ஓடவிட்டுப் பார்த்தோம். ஐந்து ஜீபி. நான் உள்ளே போய்ப் புது இடங்களில் நடந்தபோது ஆளுக்கு அரை ஜீபி ஏறியது. பதினான்கு பேருக்கு ஏழு. மொத்தம் பன்னிரண்டு. இருக்கிறதும் பன்னிரண்டு.

"இடமே இல்ல. ஆனா கூட்டித் தாறதும் பிழை" என்றார். கொடுத்த இடம் நிறையும்வரை, பயன்படுத்தி முடிந்ததையெல்லாம், அதாவது குப்பையை, இந்த நிரல் கூட்டாதாம். இடம் பெரிதானால் குப்பையும் பெரிது. கூட்டி முடியும்வரை எல்லாரும் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆகவே குறைக்க இறங்கினோம். ஒவ்வொருவர் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பதைப் பாதியாக்கினோம். விழாவில் யாரும் புது இடம் தேடிப் போகாதபடி எல்லை போட்டோம். யாரும் தொடாத மோட்களை நீக்கப் பட்டியல் எழுதினேன். முதலில் யானை, அடுத்து மலேசியாக்காரன் சேர்த்த, பெயரே புரியாத ஏதோ ஒன்று. அழிக்கப் போன என் கையை, "அதத் தொடாதீங்க" என்று நிறுத்தினார்.

தினமும் இரவில் ஒருமுறை உலகத்தை நகல் எடுத்து வைக்கும் மோட் அது. நான் திறந்தே பார்க்காத ஒரு போல்டரில் வியாழக்கிழமை நகல் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து ஸ்டேஷன் இருந்த பகுதிக்குரிய கோப்பை மட்டும் எடுத்து மாற்றினார். உள்ளே போய்ப் பார்த்தேன். கடிகாரக் கோபுரம் நின்றது. வெள்ளிக்கிழமை போட்ட மேடைக் கூரை பாதி மட்டும் இல்லை. இதை அழிக்க எனக்கு ஒரு சொடுக்குத்தான் பாக்கியிருந்தது.

கூட்டாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நம்பவில்லை. லெப்டொப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "கூரைய நானே போட்டுக்கிறேன், நீ ஒண்ணுலயும் கைய வைக்காத" என்றான். அந்த ஏச்சு எனக்கு எவ்வளவு இனித்தது.

புதுக் கணக்கில் மொத்தம் ஒன்பது வந்தது. பத்து கொடுக்கச் சொல்லிவிட்டு அக்கா லொறி ஏறினார். அம்மா ஒரு பொதி தேயிலையைக் கையில் திணித்தார்.

ஞாயிறு மூன்று மணி. நான் திரையில் ஓடிய மெமரி அளவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துப் பேர், பன்னிரண்டு, பதினான்கு. யாரும் சிலையாகவில்லை. அப்போது பதினைந்தாவதாக ஒரு பெயர் உள்ளே வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. உடனே எழுத்தில் ஒரு வரி வந்தது: "பயப்படாதீங்க, என்னையும் சேத்துத்தான் கணக்குப் போட்டேன்."

கூட்டாளி ரயிலை எடுத்தான். ஸ்டேஷன் அறிவிப்பை முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், அப்படியே மூக்கால் பேசிச் சொன்னான். துபாய்க்காரன் சிரித்துச் சிரித்துத் தண்டவாளத்திலிருந்து விழுந்தான். ஒரு தடங்கலும் இல்லாமல் ரயில் கேகாலை போய்ச் சேர்ந்தது.

கூட்டாளி இப்போது நடக்கிறான். கொஞ்சம் சாய்ந்து நடந்தாலும் மட்டையோடு மைதானத்துக்கு வருகிறான். அந்த அக்கா குடும்பத்துக்குப் புத்தாண்டுக்குப் பலகாரம் போகிறது, நோன்புப் பெருநாளைக்கு அங்கிருந்து வட்டிலப்பம் என்ற இனிப்பு வருகிறது.

முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்கு லொறியேறி வந்து அரைநாள் உட்கார்ந்திருந்தாரே, அத்தனை நேரத்தில் ஒருமுறைகூட "இது விளையாட்டுத்தானே" என்று அவர் சொல்லவில்லை. அன்றிலிருந்து, அடுத்தவர் உயிரைக் கொடுத்துச் செய்யும் எதையும் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.